சிவப்பு மூடி சிரிஞ்சை மாற்றிக் கொடுத்த அக்காவுக்கு

நான்கு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாவது நாள். நைட் டூட்டி முடியும் நேரம். காலை சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தாத்தாவுக்கு 12 யூனிட் இன்சுலின் போட வேண்டும். குப்பி, ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ளது. அவசரத்தில் நான் எடுத்தது சிவப்பு மூடி சிரிஞ்ச், அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்கானது. அதில் 12 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 30 யூனிட். சர்க்கரை இறங்கி மனிதர் மயங்கியிருப்பார்.

பக்கத்து கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்த நீங்கள் வந்து, என் கையிலிருந்ததை வாங்கி, 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சைத் தந்தீர்கள். "இதுல இழு பாப்பா." அவ்வளவுதான். தாத்தாவுக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம் மருந்து அறையில்தான் இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்ணீர் இழுத்துக் காட்டினீர்கள். அழுதேன். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். (சர்க்கரை தூக்கலாக இருந்தது, அன்றைக்கு அதுவும் தேவைப்பட்டது.) சம்பவத்தை நானே இன்சார்ஜிடம் சொல்ல வைத்து, கூடவே வந்து நின்றீர்கள். புதுசாக வருபவர்களுக்குச் சொல்லித் தருவது உங்கள் வேலை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உங்களுக்கே அன்று பத்து நோயாளிகள்.

அடுத்த மாதமே நீங்கள் வேலையை விட்டுப் போய்விட்டீர்கள். நன்றி சொல்லவே இல்லை. நேற்று என் வார்டுக்குப் புதுப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள் அக்கா. முதலில் இரண்டு சிரிஞ்சையும் எடுத்துத் தண்ணீர் இழுத்துக் காட்டினேன்.