எட்டாம் கிரேடுக்கு அப்புறம்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படிதான் ஏறுவதில்லை.

சரி, பியானோவுக்கு வருகிறேன். கிரேடு தேர்வுகளில் கடைசியான எட்டாம் கிரேடு முடிந்தது, வாத்தியாரும் ஊரை விட்டுப் போய்விட்டார், இனி நேராக ஷோபினின் ஃபேன்டஸி இம்ப்ராம்ப்டு என்ற பியானோ படைப்புதான் என்கிறாய். வாசிக்கலாம். ஆனால் நடுவில் மூன்று மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும் பாஹின் மூன்று குரல் சின்ஃபோனியாக்கள் பதினைந்து இருக்கின்றன, அவற்றில் நாலைந்தையாவது முடித்துவிட்டுப் போ. நடுக்குரலை இரண்டு கைகளும் மாறி மாறி ஏந்தும்போது விரல்களுக்கு வரும் தனித்தன்மை, ஹானோனின் விரல் பயிற்சிப் புத்தகத்தை வருஷக்கணக்கில் உருட்டினாலும் வராது. ஹானோன் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது, உனக்குத்தான் தெரியுமே. ஷோபினே சீடர்களுக்கு பி மேஜர் ஸ்கேலைத்தான் (நம்ம ஆரோகணம் அவரோகணம் மாதிரி) முதலில் கொடுப்பாராம். நீளமான விரல்கள் கறுப்புக் கட்டையிலும், கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையிலும் தாமாகவே உட்கார்ந்துவிடும். எல்லோரும் சுலபம் என்று நினைக்கும் சி மேஜர் கடைசியில்தான்.

இம்ப்ராம்ப்டுவில் நீ பயப்படும் நாலுக்கு மூன்று உனக்கு ஒரு பொருட்டே இல்லை. சின்ன வயசில் மிருதங்கம் தட்டியவன் நீ. அதே நேரத்துக்குள் வலக்கை நாலு நாலாகச் சதுஸ்ரம், இடக்கை மூன்று மூன்றாகத் திஸ்ரம், அவ்வளவுதான். ஒவ்வொரு கையும் தனியாகத் தடங்கலில்லாமல் ஓடட்டும். பிறகு அடி விழும் இடத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்துப் பார். நடுவில் கணக்குப் போடாதே.

வாத்தியார் இல்லாததில் உண்மையான நஷ்டம் வேறு. தோள் மெல்ல மேலே ஏறுவதையும், முழங்கை இறுகுவதையும் வாசிக்கிறவனால் கவனிக்க முடியாது. ஃபோனைக் கட்டைகளின் உயரத்தில் பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டு உடம்பை மட்டும் பார். மறுநாள் நோட்டேஷனை எதிரே வைத்துக்கொண்டு காதால் மட்டும் கேள். முன்கையில் எரிச்சல் தெரிந்தால் அங்கேயே நிறுத்து. வலித்தால் பலம் ஏறுகிறது என்று எவனாவது சொன்னால் நம்பாதே. இசையமைப்பாளர் ஷூமான் வலக்கை கெட்டுத்தான் பியானோ கலைஞனாகும் ஆசையையே விட்டார். முடிந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது நல்ல ஆளிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் காட்டிவிடு, தப்பில்லை.

முதல் பக்கத்தின் இடக்கையை மட்டும் வாசித்து வீடியோ அனுப்பு. பொங்கலுக்கு வருகிறாயா என்பதையும் எழுது, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
சேகர்