பலூனுக்குக் கீழே துட்டிக் கூட்டம்

அன்புள்ள ரெட்டச்சடைக்கு,

போன வாரம் நீ மூன்று தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை, கோபமாக இருப்பாய், தெரியும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவேன், மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், பதினாறு நாள் முடியாத வீட்டில் மருமகள் சிரிக்கிறாள் என்று ஆகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னவளுக்குப் பதினாறு வயது முடிந்தது. ஒரே ஒரு தடவை ஃப்ரெண்ட்ஸை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும், அம்மா நடுவில் வந்து நின்றுகொண்டு "உங்க அப்பா என்ன வேலை பாக்காங்க"ன்னு கேக்கக்கூடாது. இது நிபந்தனை. நமக்கெல்லாம் பிறந்தநாள் என்றால் கலர் டிரெஸ், வகுப்புக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய், முடிந்தது கதை. இவளுக்குச் சுவரில் ஒட்டுகிற தங்கக் கலர் எழுத்து, நாற்பது பலூன், யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்பீக்கர். சரி என்று சனிக்கிழமை நாலு மணிக்கு வைத்தோம். பதிமூன்று பிள்ளைகள். பிரானூர் பார்டரில் நூறு பரோட்டாவும் கோழியும் சொல்லியாச்சு. (கேரள எல்லை 1956-லேயே புளியரைக்குப் போய்விட்டது, அந்த இடத்துக்கு இன்னும் பார்டர் என்றுதான் பேர்.)

காலையில் பதினொரு மணிக்குப் புனலூரிலிருந்து போன். இவருடைய சின்னத் தாத்தா போய்விட்டார். தொண்ணூறு தாண்டியவர். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் இங்கே பிறந்து, அங்கே பேப்பர் மில்லில் வேலைக்குப் போனவர். 1956 நவம்பரில் நம் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, அவர் வரவில்லை. எப்போது பார்த்தாலும் "உங்க தமிழ்நாட்டுல என்ன விசேஷம்" என்றுதான் ஆரம்பிப்பார். நல்ல மனுஷர். ஆனால் பங்காளி, தீட்டு. இவர் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், மழைக்கோட்டைக்கூட எடுக்கவில்லை.

சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. ஊதிக்கொண்டிருந்த பலூனின் வாயை இரண்டு விரலால் பிடித்தபடி அப்படியே நின்றாள். கட்டவும் இல்லை, காற்றை விடவும் இல்லை. நான் மாமியாரைப் பார்க்க, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "பாட்டு கூடாது, மெழுகுவத்தி கூடாது. பிள்ளைகளுக்குச் சொல்லியாச்சுன்னா வரட்டும், பசியோட அனுப்பக்கூடாது." கடையநல்லூரிலிருந்து வருகிற இரண்டு பிள்ளைகள் அதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள், வேறு வழியும் இல்லை.

அது மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். சங்கரன்கோவில் ஆட்கள் ஒரு வேன் நிறைய, பதினோரு பேர், துட்டிக்குப் போகிற வழியில் மாமியாரை ஏற்றிக்கொண்டு போனார்கள். முக்கால் மணி நேரத்தில் அதே வேன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. கோட்டைவாசலுக்குக் கீழே எஸ் வளைவில் ஒரு லாரி ஆக்ஸில் முறிந்து குறுக்கே நின்றுவிட்டதாம், புளியரை வரைக்கும் வண்டிகள். சனிக்கிழமை, குற்றால சீசன் கூட்டம் வேறு. ரோடு திறந்தால் போகலாம் என்று நம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது நீ நினைத்துப் பார். தங்க எழுத்தில் ஹேப்பி பர்த்டே, அதற்கு நேர் கீழே சோபாவில் நாலு அத்தைமார் தலைவிரி கோலமாக. ஒரு அத்தை என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழ ஆரம்பிக்க, அவர் தோளில் இடித்து ஒரு பலூன் டப்பென்று வெடிக்க, அதே நேரம் வாசலில் பரிசுப் பொட்டலத்தோடு முதல் செட் பிள்ளைகள். ஒருத்தி பேந்தப் பேந்த விழித்துவிட்டு, செருப்பைக் கழற்றி, பரிசை ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அந்த இடத்தில் எனக்கு அடக்க முடியவில்லை, அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

அப்புறம் காற்றில் கரண்டும் போய்விட்டது. சாரல் நேரத்தில் இது வழக்கம்தான், ஆனால் ஐந்து மணிக்குப் புனலூரிலிருந்து "எடுத்தாச்சு" என்று போன் வந்ததும் பெரியவர்கள் எல்லோரும் தலைமுழுக வேண்டும் என்கிறார்கள், மோட்டார் ஓடாது, தொட்டியில் தண்ணீர் இல்லை. கிணறு இருக்கிறது, இறைக்க ஆள்? ஏட்டி, அந்தப் பிள்ளைகள்தான் இறைத்தார்கள். பாதிப் பேர் வாழ்க்கையில் முதல் தடவையாக வாளியைக் கிணற்றுக்குள் விடுகிறார்கள், ஒருத்தன் வாளியோடு கயிறையும் விட்டுவிட்டான். வரிசையில் நின்று குடம் கை மாற்றி, வீடியோ எடுத்து, ஒரே சத்தம். பாட்டு கூடாது என்றுதானே சொன்னார், சத்தம் கூடாது என்று சொல்லவில்லை.

குளித்துவிட்டு வந்தவர்களுக்கு நல்ல பசி, காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. தீட்டுக்குக் கறி ஆகாது என்று கோழி பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்குப் பரோட்டாவும் சீனியும் வாழைப்பழமும். ஒரு பெரியப்பா மட்டும் சால்னா வாளியை எட்டிப் பார்த்து, "இதுல துண்டு இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார். யாரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

கேக்கை என்ன செய்ய? ஃபிரிட்ஜ் ஓடாமல் கிரீம் ஒழுக ஆரம்பித்துவிட்டது. மாமியாரே காய் வெட்டுகிற கத்தியை எடுத்து, மைசூர்பாகு போடுகிற மாதிரி கட்டம் கட்டமாகக் கீறி, தட்டில் வைத்து ஆளாளுக்குக் கொடுத்தார். "நான் வெட்டினா பிறந்தநாள் இல்ல." சின்னவள் பேர் எழுதியிருந்த துண்டு சங்கரன்கோவில் அத்தைக்குப் போயிற்று.

இவர் வந்து சேர இரவு பதினொன்றரை. முழுக்க நனைந்து, நடுங்கிக்கொண்டு, ஹாலில் பாய் விரித்து ஒன்பது பேர் தூங்குவதைப் பார்த்துவிட்டு, "பார்ட்டி நல்லா நடந்ததா" என்று மெதுவாகக் கேட்கிறார். அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

அவளிடம் நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் போனில் யாரிடமோ, "எங்க வீட்ல செம கூட்டம்ப்பா, நீதான் மிஸ் பண்ணிட்ட" என்று சொல்வது காதில் விழுந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் புனலூர் போக வேண்டும். அதற்கடுத்த வாரம் வீட்டில்தான் இருப்பேன், சாரலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், வா. வாளி இன்னும் கிணற்றுக்குள்தான் கிடக்கிறது, வரும்போது உன் வீட்டுப் பாதாளக்கரண்டியைக் கொண்டு வா.

உன்
ஒத்தச்சடை