தண்டு கறுத்த தக்காளிக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மண்ணில்லாமல் கரைசல் வாளியில் நீ வளர்க்கும் தக்காளியில், கூடையின் விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே தண்டு கரும்பழுப்பாகி, நீர் கோத்ததுபோல் இருக்கிறது. மத்தியானம் துவள்கிறது, சாயங்காலம் நிமிர்கிறது, சத்துக் குறைவோ என்று கரைசலில் உரத்தைக் கூட்டப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் செய்யாதே, கண்ணு. இது பசி இல்லை, தண்டழுகல். அடித்தண்டு அழுகினால் தண்ணீர் மேலே ஏறாது. அந்த நேரத்தில் கரைசலில் உப்பு கூடினால், ஏறிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்சமும் நின்றுபோகும்.

முதலில் வேரைப் பார். கூடையை மெதுவாகத் தூக்கி, பழுப்பாகத் தெரியும் ஒரு வேரை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக் கீழ்நோக்கி உருவு. மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, உள்ளே நூல் மாதிரி நடுநரம்பு மட்டும் மிஞ்சினால் அது பித்தியம் என்ற அழுகல் கிருமி. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. சில உரங்கள் வேருக்குச் சாயம் ஏற்றிவிடும். பழுப்பாக இருந்தாலும் இழுத்தால் நார்போல் எதிர்த்து நிற்கும் வேர் நல்ல வேர்தான். வேர் வெள்ளையாக இருந்து, கிளை கிள்ளிய காயத்தில் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தால் அது சாம்பல் பூசணம். தண்டில் பஞ்சுபோல் வெள்ளையும் அதற்குள் எலிப்புழுக்கை மாதிரி கறுப்பு மணிகளும் இருந்தால் ஸ்க்ளெரோட்டினியா என்ற பூஞ்சை. கொழகொழவென்று நாற்றமடித்தால் பாக்டீரியா. உன் படத்துக்கும் நீ சொன்ன வாடலுக்கும் பித்தியம்தான் பொருந்துகிறது.

பித்தியத்தைப் பூஞ்சை என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அது உண்மையான பூஞ்சை இல்லை. அதனால்தான் கார்பென்டசிம் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகள் அதைத் தொடுவதில்லை. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். ஒரே தொட்டிக் கரைசல் நான்கு செடிக்குச் சுற்றினால், ஒன்றில் வந்தது நான்குக்கும் வந்ததாகவே வைத்துக்கொள். அதற்கு வழிவிடுவது வெப்பம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். வேருக்கோ சூட்டில் மூச்சுத் தேவை கூடும். மூச்சு முட்டிய வேரில் பித்தியம் சுலபமாக நுழையும்.

இந்தச் செடியின் அடியைக் காப்பாற்ற முடியாது. அதற்கு மருந்து ஊற்றிக்கொண்டு ஒரு வாரத்தை வீணாக்காதே, நுனியைக் காப்பாற்று. தக்காளித் தண்டில் எந்த இடத்திலும் வேர் விடும், அது நமக்கு வாய்த்த வசதி. கத்தியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, கறுப்புக்கு நன்றாக மேலே வெட்டு. வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பார். முழுக்க வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால், கத்தியை மறுபடி துடைத்து இரண்டு சென்டிமீட்டர் மேலே வெட்டு. துடைக்காமல் வெட்டினால் நோயை நீயே மேலே ஏற்றுகிறாய். சுத்தமான துண்டு 15 முதல் 20 சென்டிமீட்டர் கிடைத்தால் போதும். பூ, பிஞ்சு, அடியிலைகளை எல்லாம் எடுத்துவிடு. வேரில்லாத தண்டு அவற்றுக்குத் தீனி போட முடியாது. அடி ஐந்து சென்டிமீட்டரை நல்ல தண்ணீரில் வை, உரம் வேண்டாம். வெயில் நேரடியாகப் படாத இடம். தண்ணீரைத் தினமும் மாற்று. ஒவ்வொரு துண்டுக்கும் தனி டம்ளர். ஒன்றில் நோய் ஒளிந்திருந்தால் மற்றவை தப்பும். தண்டில் வெள்ளை மொட்டுகள் தடித்து, ஏழு முதல் பத்து நாளில் வேர் நீளும்.

அதற்குள் வாளியைக் கழுவி முடி. பழைய கரைசலை வேறு செடிக்கு ஊற்றாதே. வழவழப்பை பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்த்து எடுத்த பிறகுதான் பிளீச். அழுக்கின்மேல் ஊற்றினால் பிளீச் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அரை மணி நேரம் ஊறட்டும். குழாய், கூடை எல்லாம் அதில் கிடக்கட்டும். பிறகு வாசனை போகும்வரை அலசிக் காய வை. தண்ணீருக்குள் காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோனைத் தூக்கிப் போடு, அதன் நுண்துளைகளைக் கழுவித் தீராது. செடி நிற்கும் பாறைப்பஞ்சான ராக்வூலும் அப்படியே. சுட்ட களிமண் உருண்டைகளைக் கொதிக்க வைத்து மறுபடி பயன்படுத்தலாம். பிளீச் இருக்கும் இடத்தில் வினிகரோ, பிஎச் குறைக்கும் அமிலமோ, ஹைட்ரஜன் பெராக்சைடோ படவே கூடாது. அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

மறுபடி நடும்போதுதான் முக்கியமான இடம். உன் படத்தில் ராக்வூல் மேற்பரப்பு பச்சைப் பாசி பிடித்து நனைந்திருக்கிறது, தண்டைச் சுற்றி நுரைக் காலர் இறுக்கமாக இருக்கிறது. ஈரமும் இறுக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் தண்டின் தோல் ஊறிப்போகும். ராக்வூல் மேல் இரண்டு சென்டிமீட்டர் உலர்ந்த உருண்டைகளைப் போட்டு மூடு. வெளிச்சம் படாமல் பாசியும் அடங்கும். மேலிருந்து தண்டில் தண்ணீர் ஊற்றாதே. தண்டு பருத்ததும் காலரைக் கழற்றிவிடு. வேர் கூடைக்கு வெளியே தொங்க ஆரம்பித்ததும் நீர்மட்டத்தை கூடையின் அடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இறக்கு. அந்த இடைவெளியில் வேர் காற்றை வாங்கும்.

கரைசல் 18 முதல் 22 டிகிரியில் இருக்கட்டும். கறுப்பு வாளி சூட்டை வாங்கும், வெளியே வெள்ளை பூசு அல்லது வெள்ளைத் துணி சுற்று. கோடையில் தண்ணீர் உறைந்த பாட்டில் ஒன்றை மூடியோடு உள்ளே மிதக்க விடலாம். ஏர் பம்ப் 20 லிட்டர் வாளிக்கு நிமிடத்துக்கு நான்கைந்து லிட்டர் காற்று தருவதாக வாங்கு. பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வை, இல்லாவிட்டால் மின்சாரம் போனதும் தண்ணீர் குழாய் வழியாகப் பம்புக்குள் ஏறும். பிஎச் 5.8 முதல் 6.2. ஈசி, அதாவது கரைசலில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு (mS/cm), கன்றுக்கு 1.2 அளவில் தொடங்கி, வளர்ந்த பிறகு 2 முதல் 2.5.

பெராக்சைடு பற்றிக் கேட்டிருந்தாய். 3 சதவீதக் கரைசல், லிட்டருக்கு 3 மில்லி, புதுக் கரைசலில் சேர்க்கலாம். தண்ணீரில் மிதக்கும் வித்துகளைக் குறைக்கும். செத்த திசுவைப் பிழைக்க வைக்காது. ஒரு நாளுக்குள் சிதைந்துபோவதால் வேலையும் அவ்வளவுதான். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் போடுவதாக இருந்தால் பெராக்சைடை விட்டுவிடு, இது அதையும் கொன்றுவிடும். என்னைக் கேட்டால் இரண்டையும்விடத் தண்ணீரின் சூட்டைத்தான் முதலில் சரிபார்ப்பேன்.

இலைக் கக்கத்தில் முளைக்கும் தளிர்களை விரல்நீளம் ஆகும் முன்பே, செடி உலர்ந்திருக்கும் காலை நேரத்தில் ஒடித்துவிடு. பெரிதாக விட்டு வெட்டினால் காயம் பெரிது, சாம்பல் பூசணத்துக்கு வாசல் திறந்தது மாதிரி.

இன்றைக்கே வெட்டிவிட்டு, வெட்டுமுகத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு. பழுப்பு இருக்கிறதா என்று நானும் ஒருமுறை பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா