1989 அல்ல, 1921

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தாட்டம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், அந்நாட்டுத் தேசியக் கால்பந்து லீக்கின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் என, 1989இல் ரெய்டர்ஸ் அணியின் பொறுப்பை ஏற்ற ஆர்ட் ஷெல்லைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவருக்கு 68 ஆண்டுகள் முன்பே அந்தப் பொறுப்பை வகித்தவர் ஃபிரிட்ஸ் போலார்ட். லீக் இன்றைய பெயரைப் பெறுவதற்கும் முந்தைய ஆண்டான 1921இல், ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் புரோஸ் அணிக்கு எல்ஜி டோபினுடன் இணைந்து, களத்தில் ஆடிக்கொண்டே அவர் பயிற்சியளித்தார்.

சிகாகோவில் 1894இல் பிறந்த அவருக்கு, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் பெயரையே பெற்றோர் சூட்டியிருந்தார்கள். பிரவுன் பல்கலைக்கழக அணிக்காக 1916 புத்தாண்டு நாளில், கல்லூரி அணிகளுக்கான ரோஸ் பவுல் போட்டியில் இறங்கியபோது, அப்போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். 1920இல் ஒரு போட்டியிலும் தோற்காமல் லீக்கின் முதல் கோப்பையை ஆக்ரன் வென்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அப்படிப்பட்டவர், பார்வையாளர்களின் வெறுப்புக்கு அஞ்சி, மற்ற வீரர்களுடன் சேர்ந்து உடை மாற்ற முடியாமல், அணி உரிமையாளரின் சுருட்டுக் கடையில் தயாராகி, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மைதானத்துக்கு வர வேண்டியிருந்தது. கீழே தள்ளப்பட்டால் உடனே மல்லாந்து புரண்டு, ஆணிகள் பதித்த காலணிகளுடன் இரு கால்களையும் மேலே தூக்கிக்கொள்வாராம்; விழுந்தவர் மீது வேண்டுமென்றே பாய்ந்து மிதிக்க வருபவர்களைத் தடுக்க அவர் கண்ட வழி அது. ஐந்தடி ஒன்பது அங்குல உயரமே கொண்ட ஒருவர், இத்தகைய களத்தில் நின்றபடி தம்மைவிடப் பருத்த வெள்ளையின வீரர்களை வழிநடத்தினார் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

இதை வெறும் ஆண்டுக் குழப்பம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. முதல் கறுப்பினப் பயிற்சியாளர் 1989இல்தான் வந்தார் என்று எழுதினால், மெல்ல மெல்லத் திறந்த கதவாக அந்த வரலாறு தோன்றிவிடும். நடந்தது வேறு. திறந்திருந்த கதவை மூடினார்கள். 1926க்குப் பின் போலார்டுக்கு அந்த லீக்கில் இடமில்லை. 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரர்கூட அதில் ஆடவில்லை. அந்த இருண்ட ஆண்டுகளிலும் அவர் ஓய்ந்துவிடாமல், நியூயார்க்கில் கறுப்பின வீரர்களைக் கொண்ட பிரவுன் பாம்பர்ஸ் அணிக்குப் பயிற்சியளித்தார். கறுப்பின வீரரான கென்னி வாஷிங்டனை லாஸ் ஏஞ்சலிஸின் ராம்ஸ் அணி 1946இல் சேர்த்துக்கொண்டதும்கூடத் தானாகக் கனிந்த மனமாற்றம் அல்ல. பொதுப்பணத்தில் கட்டிய அந்நகர மைதானத்தில் இனப்பாகுபாடு காட்டும் அணிக்கு இடம் தரலாகாது என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் விடாமல் வற்புறுத்தியதன் விளைவு அது.

போலார்ட் 1986இல், தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார். தொழில்முறைக் கால்பந்தின் புகழரங்கில் அவருக்கு இடம் கிடைத்தது 2005இல்தான். ஆர்ட் ஷெல்லின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. நவீன காலத்தில் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர் என்று எழுதியிருந்தால் அது முற்றிலும் சரி. அடுத்த இதழில் உரிய திருத்தத்தை வெளியிடுவதோடு, போலார்டைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.