கயலுக்கு, பழைய சிடியோடு

அன்புள்ள கயல்,

பேரன் நலமா? போன வாரம் போனில் நீ கேட்டது இன்னும் மனதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. "வீட்டில் தமிழ், வெளியே இங்கிலீஷ் என்றால் பிள்ளை குழம்பிப் போவானாப்பா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நேற்று கராஜை ஒழுங்கு பண்ணும்போது ஒசோமாட்லி என்ற இசைக்குழுவின் முதல் சிடி கையில் அகப்பட்டது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

உனக்கு அப்போது நாலு வயது. லாஸ் ஏஞ்சலஸில் இவர்களுடைய ஒரு திறந்தவெளிக் கச்சேரி. என்னோடு வேலை பார்த்த மெக்சிகோ நண்பர் நம்மைக் கூட்டிப் போனார். முடியும் நேரத்தில் மேடையிலிருந்தவர்கள் மேளங்களையும் ட்ரம்பெட்டையும் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். நீ என் தோளில் இருந்தாய். என் தலையையே மேளமாக்கி இரண்டு கையாலும் அடித்தாய். அருகே வந்த மேளக்காரர் நின்று, உன் அடிக்குப் பதில் அடி கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். வீடு வரும்வரை "ட்ரம் மாமா எங்கே போனார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய்.

அவர்கள் இசையை எப்படிச் சொல்வது? அடியில் கும்பியா, கொலம்பியாவின் கரீபியன் கரையில் பிறந்த தாளம். வரிவரியாக வெட்டிய குழலைக் குச்சியால் சுரண்டுகிற சுக்-சுக்கு-சுக் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ட்ரம்பெட், சாக்சபோன். நடுவே சாலி டூனாவின் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரியான குரலில் ஆங்கில ராப். கட் கெமிஸ்ட் என்பவர் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து எழுப்புகிற கீறல். இவ்வளவுக்கும் ஊடே ஜீரோ யமகுச்சியின் தபலா! ஊரை விட்டு வந்த புதிதில் அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. தபலா நம் பக்கத்து வாத்தியம் இல்லைதான், ஆனாலும் அன்றைக்கு அது எனக்குச் சொந்தக்காரர் குரல் மாதிரி கேட்டது.

அந்தக் குழு உருவானதே ஒரு வேலைத் தகராறில்தான். 1995-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் இளைஞர் வேலைத் திட்டத்தில் இருந்தவர்கள் சங்கம் அமைக்க உரிமை கேட்டு உட்கார்ந்து போராடினார்கள். வேலை போனது, கட்டடம் மட்டும் கொஞ்ச நாள் கையில் இருந்தது. அங்கே நிதி திரட்ட வாசித்தவர்கள்தான் குழுவானார்கள். குழுவின் பெயர், பழைய மெக்சிகோவின் அஸ்டெக் மக்களுடைய நாட்காட்டியில் குரங்கைக் குறிக்கும் நாளின் பெயர்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்த சிடி வெளிவந்தது 1998-இல். அதே ஆண்டு கலிபோர்னியா மக்கள் வாக்களித்து, பள்ளிகளில் இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கினார்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைகள் வகுப்பில் ஆங்கிலத்திலேயே படித்தால்தான் தேறுவார்கள் என்பது அதன் வாதம். அந்த ஊரிலேயே, அந்த நேரத்திலேயே இவர்கள் ஒரே மூச்சில் ஸ்பானிஷில் பாடி ஆங்கிலத்தில் ராப் செய்தார்கள். எதற்கும் விளக்கம் சொல்லவில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஒரு பாதி புரியாது, மீதிப் பேருக்கு மறுபாதி. எல்லாரும்தான் ஆடினோம். அந்தச் சட்டத்தைக் கலிபோர்னியா மக்களே 2016-இல் மறுபடி வாக்களித்து விலக்கினார்கள்.

அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் வந்த தேதி 2001 செப்டம்பர் 11. அன்று யார் சிடி வாங்கப் போவார்கள்? ஆனாலும் அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருது கிடைத்தது. 2000-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே இவர்கள் வாசிக்கப் போனபோது போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. 2007-இல் அமெரிக்க அரசே இவர்களைக் கலாசாரத் தூதர்களாக வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ஈராக் போரை எதிர்த்தவர்கள் அந்த அரசின் சார்பில் போவதா என்று எனக்கு அப்போது வருத்தம். இப்போது அந்த வருத்தம் இல்லை. போன இடத்திலும் அவர்கள் இதே கலவையைத்தானே வாசித்தார்கள்.

"ட்ரம் மாமா" என்று சொன்ன நாலு வயதுப் பிள்ளை குழம்பியா போனாள்? பேரனோடு தமிழிலேயே பேசு, கண்ணம்மா. இங்கிலீஷ் தெருவிலிருந்து தானாக வரும்.

சிடியில் ஒரு கீறல் இருக்கிறது, மூன்றாவது பாட்டில் கொஞ்சம் குதிக்கும். காரிலேயே வைத்திரு. அடுத்த மாதம் வரும்போது அந்தச் சுக்-சுக்கு-சுக்கை நான் அவனுக்கு வாயால் செய்து காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா