வாசகசாலைச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் இயங்கும் நம் சங்கத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஜூன் 19 வாசிப்பு தினம் வழக்கம்போல் நடந்தது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றிப் பாயசம் கொடுத்தோம். ஓணத்துக்குப் பூக்களம், பொங்கலுக்குக் கோலப்போட்டி, இரண்டும் நடந்தன. நூலக கவுன்சில் மானியத்தில் வாங்கிய நூல்களின் பட்டியல் மேசைமேல் இருக்கிறது. செயற்குழு மாதம் ஒருமுறை கூடியிருக்க வேண்டும். பல மாதம் ஆள் சேராமல் கலைந்துபோனது.

இந்த ஆண்டு என் உழைப்பில் பெரும்பங்கு ஞாயிற்றுக்கிழமை உயிரியல் வகுப்புக்குப் போனது. "வாசகசாலைக்கு எதற்கு டியூஷன்?" என்று சென்ற பொதுக்குழுவிலேயே கேட்டார்கள். இது டியூஷன் இல்லை. நம் தமிழ் மீடியம் பிள்ளைகள் நோய்கள், நோய் எதிர்ப்புச் சக்தி, வாழ்க்கைமுறை நோய்கள் என்று பாடத்தில் படிக்கிறார்கள். 1796-இல் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு தடுப்பூசி போட்டதை எழுதி மார்க் வாங்குகிறார்கள். தங்கள் இடது தோளில் இருக்கும் தழும்பு எதற்கானது என்று கேட்டால் பாதிப் பேர் விழித்தார்கள். முதல் வகுப்பை அங்கிருந்துதான் தொடங்கினேன். சட்டைக் கையை மடக்கி, ஒருவர் தழும்பை ஒருவர் தடவிப் பார்த்தார்கள். அது பிறந்தவுடன் காசநோய்க்காகப் போட்ட பிசிஜி. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி எதற்கு மறுபடியும் என்றால், உடம்பு ஒருமுறை கற்ற எதிர்ப்பு காலப்போக்கில் மங்கும், அதைப் புதுப்பிக்கத்தான். பத்து வயது ஊசியைத் தவறவிட்டிருந்த பிள்ளைகளை ஊர்ச் சுகாதாரப் பணி பார்க்கும் ஆஷா பணியாளர் குறித்துக்கொண்டு போய்ப் போட வைத்தார்.

அப்புறம் தண்ணீர் விஷயம். வகுப்புக்கு வரும் ஒரு பெண்பிள்ளை பேசும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாள். மேல்வரிசை முன்பற்களில் சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டுகள், அவற்றின் குறுக்கே காவிக் கோடுகள். ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று அவளை ஏசியிருக்கிறார்கள். எத்தனை தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்து ஆழ்குழாய்களில் ஃபுளோரைடு என்னும் உப்பு அதிகம் என்பது புதிய செய்தி இல்லை. பாறைக்குள் நெடுங்காலம் தங்கும் நீரில் பாறையிலுள்ள ஃபுளோரைடு கரைகிறது. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். அதற்கு மேற்பட்ட நீரைப் பல்லின் எனாமல் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், தொடர்ந்து குடித்தால் கறை எனாமலுக்குள்ளேயே அமைந்துவிடும். இன்னும் மிகுந்த அளவில் ஆண்டுக்கணக்காகக் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகும்.

"சார், இதுக்கு எதிர்ப்புச் சக்தி வராதா?" என்று ஒரு பையன் கேட்டான். நான் நடத்திய வகுப்புகளில் இதைவிட நல்ல கேள்வி வரவில்லை. கிருமி நுழைந்தால் வெள்ளையணுக்கள் அடையாளம் கண்டு ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும். ஃபுளோரைடு கிருமி இல்லையே. அதற்குத் தடுப்பூசியும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிக்கும் தண்ணீரை மாற்ற வேண்டும், அல்லது ஃபுளோரைடைப் பிரித்தெடுக்க வேண்டும்.

அதன்பிறகு பிள்ளைகளே வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, நிரப்பி, போர்வெல்லின் ஆழமும் தேதியும் எழுதி ஒட்டினார்கள். ஆய்வக முடிவில் சில போர்த்தண்ணீர் 1.5-ஐத் தாண்டியிருந்தது. பக்கத்திலேயே இருக்கும் திறந்த கிணறுகள் வரம்புக்குள் இருந்தன. வீடு வீடாகப் போய் முடிவைச் சொன்னோம். அந்தப் பெண்பிள்ளையின் வீட்டில் இப்போது போர்த்தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும்தான். அவள் தம்பிக்கு மூன்று வயது, அவன் பல்லையாவது காப்பாற்றலாம்.

இந்த ஆய்வகக் கட்டணத்தைத்தான் செயற்குழுவைக் கேட்காமல் செலவழித்தேன் என்று வெளியில் பேசுகிறார்கள். கூட்டம் அழைத்தேன். வந்தது நானும் பொருளாளரும் மட்டும். யாரைக் கேட்பது?

நவம்பர் 14 பற்றியும் ஒரு குறை வந்தது: குழந்தைகள் தினத்தில் மிட்டாய் கொடுக்காமல் சர்க்கரை நோயைப் பேசினேனாம். அதே நாள்தான் உலக நீரிழிவு தினம். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேண்டிங் பிறந்த நாள். அன்று பெரியவர்களுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தோம். நீரிழிவுக்கான வரம்பான 126 மி.கி.க்கு மேல் வந்தவர்களில் சிலருக்கு அதுவரை எந்தத் தொந்தரவும் தெரிந்திருக்கவில்லை. மறுபரிசோதனைக்கு அவர்களைக் குடும்ப சுகாதார மையத்துக்கு அனுப்பினோம். மிட்டாய் மறுநாள் கொடுத்தோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலை விற்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு எங்குமே விற்கக் கூடாது. பிள்ளைகள் பள்ளி வாசலிலிருந்து கயிறு பிடித்து அளந்தார்கள். உள்ளே வந்த கடை நம் உறுப்பினர் ஒருவருடையது. நேரில் போய் மரியாதையாகத்தான் சொன்னேன். பாக்கெட் சரம் இப்போது வெளியே தொங்குவதில்லை. அவருடைய சந்தாவும் அன்றோடு நின்றது. வாயில் புகையிலை அடக்கிய கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழுவதையும், அது சிலருக்குப் புற்றாக மாறுவதையும் படித்த பிள்ளைகளிடம் நான் வேறெப்படி நடந்துகொள்ள முடியும்?

சந்தா நிலவரம் நன்றாக இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் பாக்கி. இரண்டாண்டாகத் தராதவர்களும் உண்டு. வருத்தம் என்னவென்றால், அவர்களில் பலர் வசதியானவர்கள். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் விட்டுவிடுகிறேன். வரவும் செலவும் ஏறத்தாழ சமம், சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

வார்டு மெம்பர், ஆஷா பணியாளர், குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சகோதரிகள், பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி தந்தவர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு செயலாளர் பொறுப்பை இளையவர் யாராவது ஏற்றால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். ஞாயிறு வகுப்பை நானே நடத்தித் தருகிறேன். பத்து மணிக்குக் கதவைத் திறந்துவிட ஓர் ஆள் இருந்தால் போதும். அங்கன்வாடிகளில் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைக் கோடை முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும். கட்டணத்துக்குப் புதிதாக வசூல் எதுவும் தேவையில்லை, நிலுவைச் சந்தாவில் ஒரு பகுதி வந்தாலே நடந்துவிடும். பொருளாளர் கூட்டம் முடியும்வரை ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்