அணுகுசாலைக்கு அவசரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புறவழிச்சாலையையும் ஆற்றுப் பாலத்தையும் அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து கவனித்து வருகிறேன். தூண்கள் எழும்பி, மேலே உத்தரங்களும் ஏறிவிட்டன. பார்க்கவே நிறைவாக இருக்கிறது. 'இன்னும் ஏன் திறக்கவில்லை?' என்று பலரும் கேட்கிறார்கள். என் கவலை பாலத்தைத் தொடும் அணுகுசாலையின் மண்மேடு பற்றியதுதான். பாலம் ஆழமான அடித்தளத்தில் நிற்கிறது. கொட்டிய மண்ணோ நாளடைவில் அமுங்கும். அப்போது இணைப்பில் பள்ளம் விழும். இருசக்கர வாகனத்தில் வருபவரைத் தூக்கிப் போட்டுவிடும். கான்கிரீட்டின் வலிமையையே 28 நாள் கழித்துத்தானே மதிப்பிடுகிறார்கள்? மண்ணையும் அடுக்கடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, இறுக்கத்தைச் சோதித்த பிறகே அடுத்த அடுக்கு போடட்டும். அண்மை மழையில் சரிவின் ஓரம் விரல் நுழையும் அளவுக்கு அரித்திருக்கிறது. அங்கே உடனே கல் பதித்து, மழைநீர் வடியவும் வழி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப்பணி மேற்பார்வையாளர்